அக்காவோடு துபாய் பார்த்த ஐந்து நாள்

1

"துபாயில் பார்த்த இடங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், இரண்டு படமும் அனுப்புங்கள்" என்று நம் ஊர்க் கோயில் பங்கு மலர்க்காரர் செய்தி அனுப்பியிருந்தார்கள். பாரிஸைப் பற்றி எழுதும்படி இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எழுத என்ன இருக்கிறது? பதினெட்டு வருடம் இங்கே இருந்தும் ஈபிள் கோபுரத்தில் ஏறாதவள் நான். கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போய், அடியில் நின்று படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த பாரிஸ் என்பது லா கூர்னெவில் எங்கள் ஐந்தாம் மாடி வீடு, ஒபர்வில்லியேயில் நான் வேலை செய்யும் பள்ளிக்கூடக் கன்டீன், சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்கப் போகும் தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பல். இந்த மூன்றையும் பஸ்ஸாலும் ரயிலாலும் இணைத்தால் என் பிரான்ஸ் முடிந்துவிடும்.

இதை வாசிக்கிற இளையவர்களுக்கு என்னைத் தெரியாது. கணக்கு ரீச்சரின் தங்கச்சி என்றால் தெரியும். அக்காவிடம் காது முறுக்கு வாங்காத ஆள் நம் பங்கில் குறைவு. அந்த அக்காவும் நானும், பதினைந்து வயதான என் மகள் மெலனியும் ஐப்பசி கடைசியில் ஐந்து நாள் துபாயில் இருந்தோம். பிரான்சில் அந்த நேரம் சகல புனிதர் விடுமுறை. பள்ளிக்கூடம் இரண்டு கிழமை பூட்டு, ஆகவே கன்டீனும் பூட்டு. என் கணவர் வேலை செய்யும் ரெஸ்ரோரன்ற் குசினிக்கு எந்தப் புனிதரும் லீவு தருவதில்லை என்பதால் அவர் வரவில்லை.

பார்த்த இடங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உயரமான கட்டடம், தங்கக் கடைத்தெரு, படகு என்று எழுதிக்கொண்டு போனால் ஒவ்வொரு வரியிலும் அக்கா வந்து நிற்கிறார். அக்காவை எழுதினால், நாங்கள் ஏன் மன்னாரில் சந்திக்காமல் துபாயில் சந்தித்தோம் என்பதையும் எழுத வேண்டும். வருகிற தையில் அம்மாவின் இரண்டாம் ஆண்டு நினைவு. அதற்கு முன் எழுதிவிடுவது நல்லது என்று படுகிறது.

2

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஏன் வரவில்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பேப்பர் இல்லை." அதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். காய்ச்சல் என்றால்கூட எத்தனை நாளாக என்று கேட்பார்கள், பேப்பர் இல்லை என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அகதி என்று ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பிரான்ஸ் ஒரு நீல நிறப் பயணப் புத்தகம் தரும். அதை வைத்துக்கொண்டு உலகம் சுற்றலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. எந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி வந்தாயோ அங்கே திரும்பிப் போகாதே என்பது நியாயம்தான். பதினைந்து வருடத்துக்கு மேல் அதுதான் என்னிடம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா போன் எடுப்பார். "பேப்பர் வந்திட்டுதோ பிள்ளை?" "இன்னும் இல்லை அம்மா." "சரி, அந்தோனியார் பார்த்துக்கொள்ளுவார்." இது எங்கள் வாராந்தச் செபம் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொண்டுபோனால் முத்திரை பழையது என்பார்கள். புது முத்திரையோடு போனால் மின்சாரப் பில் பழையதாகியிருக்கும். கடைசியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி, பாரிஸில் எந்தெந்த இடங்களைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஈபிள் கோபுரம் முதல் எல்லாம் பார்த்தேன் என்றேன். மேலே ஏறினீர்களா என்றார். ஏறினேன், மேலே நல்ல காற்று என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எனக்குப் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணி மாதம் பாஸ்போட் கைக்கு வந்தது. கத்தரிப்பூ நிறமும் சிவப்பும் கலந்த, மணம் மாறாத புதுப் பாஸ்போட். மெலனிக்கும் ஒன்று. இனி இலங்கைக்குப் போகலாம். அன்றே அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அம்மா கேட்டபோது, "இன்னும் இல்லை அம்மா" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அதற்கு அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். மூன்றாம் ஞாயிறு அது பழக்கம் இல்லை.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்ன கேட்பார்களோ என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் அதைப் பெரிதாகச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர் போய் நல்லபடி வந்திருந்தார்கள். எனக்கு உண்மையில் முடியாமல் இருந்தது வேறொன்று. வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாள் அம்மாவிடம் "ஒரு வருசத்திலை வந்திடுவன்" என்று சொல்லித்தான் வந்தேன். இப்போது போனால் மூன்று கிழமையில் திரும்ப வேண்டும். அந்த வாசலில் நின்று அம்மாவுக்கு இரண்டாம் தடவை போய்வருகிறேன் சொல்ல வேண்டும். பேப்பர் இல்லை என்று சொல்வது அதைவிடச் சுகமாக இருந்தது. நத்தாருக்குப் பிறகு பார்ப்போம், உயிர்த்த ஞாயிறுக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் அம்மா போய்விட்டார். அக்கா போனில் சொன்னபோது "வருவியோ" என்று கேட்கவில்லை. நானாகத்தான், "என்ன செய்ய அக்கா, பேப்பர் இல்லையே" என்றேன். பாஸ்போட் அலுமாரியில் சேலைக்குக் கீழே இருந்தது. அம்மாவின் அடக்கத்தை நான் குசினி மேசையில் போனை நிறுத்தி வைத்துப் பார்த்தேன்.

3

துபாய் யோசனை அக்காவுடையது. "நீ இஞ்சை வரேலாது. எனக்கு அங்கை விசா தரமாட்டாங்கள். துபாய்க்கெண்டால் ரண்டு பேரும் வரலாம். நான் பென்சன் எடுக்க முதல் ஒருக்காப் பாப்பம்" என்றார். உனக்கு அங்கே போக விசா எடுக்க வேண்டுமா என்று கேட்டார். எடுத்தாச்சு என்றேன். பிரெஞ்சுப் பாஸ்போட்டுக்குத் துபாயில் விசா முன்கூட்டியே எடுக்கத் தேவையில்லை.

போவதற்கு முதல் சனிக்கிழமை லாச்சப்பலில் ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு போன் கடைக்குப் போனேன். பாஸ்போட்டுக்குப் போடும் உறை வேண்டும், நீலத்தில் வேண்டும் என்றேன்.

"கறுப்பு இருக்கு, சிவப்பு இருக்கு. பிரெஞ்சுப் பாஸ்போட்டுக்குச் சிவப்புத்தானே அக்கா வடிவு" என்றார் கடைக்காரத் தம்பி.

"நீலம் இருந்தால் தாங்கோ."

"உள்ளுக்கை எடுத்துப் பாக்கிறன். எல்லாரும் நீலத்தைக் குடுத்திட்டுச் சிவப்பு எடுக்கத்தான் அலையினம். நீங்கள் சிவப்பை நீலமாக்கிறியள்."

அவருக்கு விளையாட்டு. எனக்கு முகம் சுட்டது. உறையைப் போட்டுப் பார்த்தேன். தூரத்தில் பார்த்தால் பழைய அகதிப் புத்தகம் மாதிரியே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான், ஆனாலும் ஐந்து நாளைக்குச் சோறு காணும் என்று நினைத்தேன். விமானத்தில் மெலனி, உறை ஏன் இவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டாள். அழுக்குப் படாமல் இருக்க என்றேன். அவள் காதில் இசையை மாட்டிக்கொண்டாள்.

துபாயில் இறங்கியதும் என் பையிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அதற்குள் கலியாணப் பதிவு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகைப் பற்றுச்சீட்டு, மெலனியின் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. பிரான்சில் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் நாங்கள் இப்படித்தான் போவோம். துபாய் அதிகாரி வெள்ளை அங்கி போட்ட இளம்பையன். பாஸ்போட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், முத்திரை குத்தி நீட்டினான். ஒரு கேள்விகூட இல்லை. கோப்பைத் திறக்காமலே கடந்துவிட்டது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வெளியே அக்கா நின்றார். அவருடைய விமானம் இரண்டு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டது. வீடியோவில் கிழமைக்கு ஒரு தடவை பார்க்கிற முகம்தான், ஆனால் வீடியோவில் அக்கா இவ்வளவு சின்ன ஆளாகத் தெரிந்ததில்லை. என்னைக் கட்டிப்பிடித்து, முதுகைத் தடவி, "எலும்பாய்ப் போனாய்" என்றார். மெலனி எங்களைச் சுற்றி நின்று பெட்டிகளைக் காவல் காத்தாள். பிறகு அக்கா அவளைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். அவள் பிரெஞ்சுக்காரர் கொஞ்சுவது என்று நினைத்து முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

ஹோட்டல் பழைய துபாய்ப் பக்கம், கடலிலிருந்து ஊருக்குள் வரும் நீர்வழிக்குக் கிட்ட. வரவேற்பில் இருந்தவர் மூன்று பாஸ்போட்டையும் கேட்டார். அந்த ஒரு விடயத்தை நான் யோசிக்கவேயில்லை. அவர் என் நீல உறையை ஒரு இழுவையில் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாஸ்போட்டை இயந்திரத்தில் வைத்தார். "பிரெஞ்ச், மேடம்? வெல்கம்" என்று சிரித்தார். அக்கா பக்கத்தில் நின்று ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். பேனா நிற்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு தடவை மேசையைப் பார்த்த மாதிரி இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. படிவத்தை முடித்துக் கையெழுத்து வைத்தார். "அறை எத்தினையாம் மாடி?" என்று கேட்டார்.

பார்த்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அந்த ஐந்து நாளும் நான் துபாயைப் பார்த்ததைவிட அக்காவின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

4

இனி, கேட்டபடி பார்த்த இடங்கள்.

துபாய் மெத்ரோவில் சாரதி இல்லை. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, அதில் தவறி ஏறும் ஆண்களைப் பெண்கள் பார்வையாலேயே இறக்கிவிடுகிறார்கள். கதவு மூடும் சத்தம் கேட்டதும் நான் பழக்கத்தில் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். "ஏன் ஓடுறாய்? அடுத்தது வராதோ?" என்றார் அக்கா. வரும், மூன்று நிமிடத்தில் வரும். பாரிஸிலும் மூன்று நிமிடத்தில்தான் வரும், ஆனால் அங்கே ஓடாமல் நின்றவர்கள் யாரையும் நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு அக்கா எங்கே போனாலும் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், நான் ஓடாமலிருக்க.

மர வள்ளத்தில் நீர்வழியைக் கடந்தோம். நடுவில் ஒரு பலகை, அதில் எல்லா நாட்டுக்காரரும் முதுகுக்கு முதுகு கொடுத்து உட்கார வேண்டும். மறு கரையில் தங்கக் கடைத்தெரு. கண்ணாடிக்குப் பின்னால் தங்கத்தில் சட்டையே தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்து, "இதைத் தோய்க்கிறது எப்பிடி?" என்று கேட்டார். வாசனைப் பொருள் கடைகளில் கறுவாவைத் தொட்டு மோந்து, "எங்கடை நாட்டுச் சாமான்" என்று கடைக்காரருக்கே விளக்கம் சொன்னார். கடைக்காரர் ஈரான்காரர். அக்கா தமிழில் பேசினார், அவர் எந்த மொழியிலோ பேசினார், கடைசியில் அவர் ஒரு கைப்பிடி ஏலக்காய் இனாமாகக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அந்த உலகத்திலேயே உயரமான கட்டடத்துக்குப் போனோம். நூற்றி இருபத்து நாலாவது மாடிக்கு ஒரு நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போகிறது, காது அடைக்கிறது. கீழே பார்த்தால் கடல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம், நடுவில் றோட்டுகள். மெலனி தன்னைத்தானே ஒரு நூறு படம் எடுத்திருப்பாள். கண்ணாடியோரம் ஓரிடத்தில் கூட்டமாக நிற்கக் கூடாது போலிருக்கிறது. அங்கே காவல் நின்றவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "மேடம், இங்க ரொம்ப நேரம் நிக்காதீங்க, அந்த சைடு போங்க, வியூ இன்னும் சூப்பரா இருக்கும்" என்றார். ராமநாதபுரத்துக்காரராம். அவரே எங்கள் மூன்று பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தந்தார். மலர்க்காரருக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

அங்கே நின்றுதான் அக்கா கேட்டார். "உங்கடை ஈபிள் கோபுரத்துக்கு மேலை நிண்டாலும் இப்பிடித்தானோ? நீ ஏறினனீ எண்டு அம்மாவுக்குச் சொன்னனீ. அம்மா எல்லாருக்கும் சொன்னவ."

அந்தப் பொய்யை அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. "ஓம் அக்கா, இப்பிடித்தான், உயரம்தான் கொஞ்சம் பதிவு" என்றேன். பக்கத்தில் நின்ற மெலனி போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தோடு இரண்டு தடவை ஏறியவள். நான் ஏறவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் திரும்பவும் போனுக்குள் குனிந்துகொண்டாள். தமிழில் சொல்ல வராதா, சொல்ல வேண்டாம் என்று விட்டாளா என்று நான் யோசித்தேன். இந்த வயதில் அவள் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்பதை வைத்துத்தான் அவளை அறிய வேண்டியிருக்கிறது.

அன்று பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். மணலைச் சல்லடையில் அரித்துக் கொட்டிய மாதிரித் துப்புரவு. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் மட்டும் இறங்கி நின்றார். தண்ணீர் சூடாக இருக்கிறதாம். மீன் மணமே இல்லை, இதெல்லாம் ஒரு கடலோ என்று குறை சொன்னார். ஆனால் பொழுது படும்வரை வெளியே வரவில்லை. நான் கரையில் பைகளோடு உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று எழும்புவேன், ஒரு அலை வரும், அக்கா சின்னப்பிள்ளை மாதிரிச் சேலையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார், நான் திரும்ப இருந்துவிடுவேன். அவ்வளவு சந்தோசமாக நிற்கிற ஆளிடம் போய் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

5

கடைசிக்கு முதல் நாள் மரித்த விசுவாசிகள் நாள். துபாயில் பூசைக்கு எங்கே போவது என்று அக்கா புறப்படும் முன்பே விசாரித்து வைத்திருந்தார். பெரிய கோயில் வளவு, உள்ளே நுழைந்தால் திருவிழாக் கூட்டம். மலையாளப் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வர, தமிழ்ப் பூசைக்கு ஆட்கள் உள்ளே போனார்கள். வீட்டு வேலை செய்யும் நம் நாட்டுப் பெண்கள் நிறையப் பேர். ஒருவர் தலைவாசலில் நின்று கடுதாசித் துண்டுகள் கொடுத்தார். அதில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். அக்கா அம்மாவின் பெயரை அழகான கரும்பலகை எழுத்தில் எழுதினார்.

பெயர்களை வாசிக்கவே கால் மணித்தியாலம் ஆனது. அம்மாவின் பெயரை வாசித்தபோது அக்கா என் கையைப் பிடித்தார். அந்தக் கை என் கையில் இருக்கும்போதுதான் நான் முடிவாக உணர்ந்தேன், இதற்கு மேல் என்னால் முடியாது என்று.

நற்கருணை நன்மை எடுக்கும் நேரம் வந்தது. அக்கா எழும்பினார், மெலனி எழும்பினாள். நான் எழும்பவில்லை. செத்துப்போன தாயிடமும் உயிரோடிருக்கும் தமக்கையிடமும் பொய்யை வைத்துக்கொண்டு போய் நாக்கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. பாரிஸில் இந்த இரண்டு வருடமும் நான் வாசலோரம் கடைசி வாங்கில் இருந்துகொள்வேன், ஒருவரும் கவனிப்பதில்லை. இங்கே நடு வாங்கு. எல்லாரும் என் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அக்காவும் தாண்டிப் போனார், திரும்பித் தாண்டி வந்தார், முழங்காலில் இருந்து நீண்ட நேரம் செபித்தார்.

பூசை முடிந்து வளவில் ஒரு மரத்தடி வாங்கில் உட்கார்ந்தோம். மெலனி மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் வரிசையில் நின்றாள்.

"ஏன் நன்மைக்கு வரேல்லை?" என்றார் அக்கா.

"காலமை கோப்பி குடிச்சிட்டன் அக்கா."

"கோப்பி குடிச்சது எட்டரைக்கு. நன்மை குடுத்தது பத்தே முக்காலுக்கு. அதுக்கு முதல் ஒரு மணித்தியாலம் ஒண்டும் வாயிலை வைக்காமல் இருந்தால் காணும்."

கணக்கு ரீச்சர் அல்லவா. நான் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். "அக்கா, எனக்குப் பாஸ்போட் கிடைச்சு ரண்டு வருசம். அம்மா இருக்கேக்கையே கிடைச்சிட்டுது. நான் வந்திருக்கலாம். நான் வரேல்லை."

"ஓம்," என்றார் அக்கா. "தெரியும்."

"ஹோட்டலிலை பாத்தனீங்களோ?"

"ஹோட்டலிலை அந்தப் பெடியன் கழட்டினதைப் பாத்தன்தான். எனக்கு அதுக்கு முதலே தெரியும். அந்த வருசம் ஆவணியிலை மெலனி வீடியோவிலை காட்டினவள். நீ குளிக்கப் போயிட்டாய் எண்டவள். ரண்டு பாஸ்போட்டையும் கமராவுக்குக் கிட்டக் கொண்டு வந்து, 'இது அம்மான்ரை, இது என்ரை' எண்டவள்."

அம்மா இறந்து இவ்வளவு நாளாக, நான் "பேப்பர் இல்லை" என்று சொன்னபோதெல்லாம் அக்கா தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்.

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ இன்னொரு பொய் சொல்லுவாய். ஊருக்கு வா எண்டால் அதுக்கும் ஒண்டு சொல்லுவாய். அதுதான் துபாய் எண்டனான். ஐஞ்சு நாள் ஒரே அறையிலை கிடந்தால் நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன்." கைப்பையை மடியில் இழுத்து வைத்தார். "எனக்குக் கோவம் இருந்தது. இல்லை எண்டு சொல்லமாட்டன். செத்தவீட்டிலை அவ்வளவு ஆக்களுக்கை நான் தனிய நிண்டன். ஒரு வருசம் உன்னோடை சிரிச்சுக் கதைச்சதெல்லாம் வாயாலைதான்."

நான் அழுதேன். அக்கா அழவில்லை. நான் மிகவும் பயந்திருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

அக்கா தோள்மூட்டில் சேலையைச் சரிசெய்தார். பிறகு சொன்னார், "அண்டைக்குப் போனைப் பிடிச்சுக்கொண்டிருந்தது அம்மாதான். நான் பின்னாலை நிண்டு பாத்தன்."

6

அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மெலனி போனை வைத்த பிறகு அம்மா கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். "வடிவான பாஸ்போட், என்ன?" என்றாராம். அடுத்த ஞாயிறு வழக்கம்போலக் கேட்டார், நான் வழக்கம்போல இல்லை என்றேன். அக்காவுக்கு ஆத்திரம் வந்து, நான் கேட்கிறேன் என்று போனைப் பறிக்கப் போனாராம். அம்மா விடவில்லை. "அவள் வரேக்கை வரட்டும். கேட்டு வரப்பண்ணாதை. கேட்டு வந்தால் கடமைக்கு வந்தவள் மாதிரி இருக்கும்" என்றாராம்.

அப்படியானால் அந்த ஐந்து மாதத்து ஞாயிறுகளில் "பேப்பர் வந்திட்டுதோ பிள்ளை" என்று அம்மா கேட்டது, தெரிந்துகொண்டு கேட்டது. நான் வாய் திறக்க ஒவ்வொரு கிழமையும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நான் ஒவ்வொரு கிழமையும் அதை மூடியிருக்கிறேன்.

"ஊரிலை ஆர் கேட்டாலும், அவளுக்கு இன்னும் பேப்பர் குடுக்கேல்லை, பாவம், எண்டுதான் சொல்லுவா" என்றார் அக்கா. "கடைசிக் கிழமை அவஸ்தைப் பூசுதலுக்குப் பங்குச் சுவாமி வந்தவர். எண்ணெய் பூசி முடிய, 'அம்மா, பிரான்சிலை இருக்கிற மகள் வாறாவோ?' எண்டு கேட்டவர். நான் பக்கத்திலை நிண்டன். அம்மாவுக்குக் குரல் எழும்பாது. எண்டாலும் சொன்னவ. 'பேப்பர் இல்லைச் சுவாமி. இருந்தால் பறந்து வந்திருப்பாள்.'"

அம்மாவை உங்களுக்குத் தெரியும். மீன்காரரிடம்கூட விலையைக் கூட்டிக் குறைத்துச் சொல்லாத மனுசி. நாங்கள் சின்னதில் பொய் சொன்னால் வாயில் உப்பு வைப்பார். அந்த வாய், எண்ணெய் பூசின கையோடு, சுவாமிக்கு முன்னால், எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது.

மெலனி மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள். அம்மம்மாவுக்குப் பாஸ்போட் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினேன் என்றாள். அது ரகசியம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு அக்காவின் மறுபக்கம் போய் உட்கார்ந்து, தனக்கு வருகிற தமிழில், "பெரியம்மா, நான் பிழை செய்தனானோ?" என்று கேட்டாள். "இல்லை ராசாத்தி, நீ ஒருத்திதான் சரியாச் செய்தனீ" என்றார் அக்கா.

அடுத்த நாள் விமான நிலையத்தில் பிரியும்போது அக்கா எனக்கு ஒரு வழியும் சொல்லித் தந்தார். "தையிலை ஆண்டுப் பூசைக்கு வா. ஊரிலை கேட்டால், இப்பதான் பேப்பர் கிடைச்சதெண்டு சொல்லு. அம்மாவும் அதைத்தானே சொன்னவ. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

திரும்பி வந்த கிழமையே ரூ லூயி-பிளாங்கில் ரிக்கற் போட்டுவிட்டேன். எனக்கும் மெலனிக்கும், தை பத்தாம் திகதிக்கு. அக்கா சொன்ன வழியைப் பற்றி இந்த ஒரு மாதமும் யோசித்தேன். நல்ல வழி, எல்லாருக்கும் சுகம். கோயில் வாசலில் நீங்கள் என் கையைப் பிடித்து, "இப்பதானோ பிள்ளை பேப்பர் தந்தவங்கள், ஒரு ரண்டு வருசம் முந்தித் தந்திருக்கக்கூடாதோ" என்று அன்பாகக் கேட்பீர்கள். நானும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். அம்மாவின் பூசையிலும் நான் வாங்கிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அதனால்தான் துபாயைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இதை எழுதி அனுப்புகிறேன். நான் வருவதற்கு முன் நீங்கள் வாசித்துவிடுங்கள். பாஸ்போட்டை முந்தித்தான் தந்தார்கள். அம்மா உயிரோடு இருந்த கடைசி ஐந்து மாதமும் அது என் அலுமாரியில் இருந்தது. அம்மா உங்களுக்கும் சுவாமிக்கும் சொன்னது பொய். அந்தப் பொய் அம்மாவுடையது இல்லை, என்னுடையது.